மூடினால் வேர்க்கும் கேக், திறந்தால் காயும்

கேக் சுடுவது முக்கால் மணி நேர வேலை. சுட்டதை அடுத்த வாரம்வரை கேக்காகவே வைத்திருப்பதுதான் தொழில். பால் காய்ச்சி விற்றவர்கள், பூக் கட்டி விற்றவர்கள், கீரை வாங்கி விற்றவர்கள் எல்லோரும் என் கட்சி. காலையில் அருமையாக இருந்த பண்டம் சாயங்காலம் நம்மைப் பார்த்து முகம் சுளிக்கும் அந்த வேதனை உங்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டும்.

ஐம்பதுகளின் நடுவில் என் அக்காவின் கணவர் கரீம் மச்சான் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ரொட்டிக்கடை வைத்திருந்தார். அடுப்பு வேலை பார்த்தவர் சவரிமுத்து. முன்பு கொடைக்கானலில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டுச் சமையற்கட்டில் இருந்தவர். ரொட்டி, பன், ரஸ்க் என்று போய்க்கொண்டிருந்த கடையில் அவர் ஒருநாள் சின்னத் தகர அச்சுகளில் காகிதம் விரித்து மாவை ஊற்றி, கப் கேக் சுட்டுக் காட்டினார். வாங்க ஆள் இருந்தது. ஆனால் ரொட்டி மாதிரி அன்றைக்கே தீர்ந்துபோகிற சரக்கு இல்லை அது. நாலைந்து நாள் நின்றுதான் விற்கும். அதைக் காப்பாற்றி விற்கும் பொறுப்பு எனக்கு வந்தது. எனக்கு இருபத்து நாலு வயது. என்னால் ஆகாதது ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் அந்த எண்ணம் பெரிதாக மாறிவிடவில்லை.

பச்சை கேக்

முதல் வாரம் நான் செய்த ஏற்பாடு பிரமாதமானது. அடுப்பிலிருந்து வந்த கேக்குகளை ஈ மொய்க்கும் முன்னே, சுடச்சுட, பெரிய பிஸ்கட் தகரத்தில் அடுக்கி மூடியை அழுத்திப் போட்டேன். காற்றுகூட உள்ளே போகாது என்று மச்சானிடம் பெருமையடித்துக்கொண்டேன். போகவில்லைதான். உள்ளே இருந்த ஆவியும் வெளியே வரவில்லை.

மூன்றாம் நாள், ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் ஆறு கேக் பொட்டலம் கட்டி வாங்கிப் போனார். அரை மணி நேரத்தில் திரும்பி வந்து பொட்டலத்தை மேஜைமேல் பிரித்து வைத்தார். ஒவ்வொரு கேக்கின் அடியிலும் பூசணம் பச்சைப் பாசி மாதிரி படர்ந்திருந்தது. தகரத்தைத் திறந்து மூடியின் உட்புறத்தைத் தடவினேன், கை நனைந்தது. மச்சான் என்னைத் தனியே கூப்பிட்டு, இன்னொரு தடவை இப்படி நடந்தால் கேக்கை நிறுத்திவிட்டு ரொட்டியும் பன்னும் போதும் என்று இருந்துவிடுவேன் என்றார். அவர் சொன்னால் செய்கிறவர். அன்றிலிருந்து மூங்கில் தட்டியில் பரப்பி, அடிப்பக்கம் தொட்டுப் பார்த்து, முழுக்க ஆறின பிறகுதான் கேக் தகரத்துக்குள் போனது. பெரியவர் மட்டும் கோபப்படவில்லை. கிளம்பும்போது சொன்னார்:

"தம்பி, நான் சர்வீஸ்ல இருந்தப்ப பச்சையைக் கண்டா வண்டியை விடுவேன். இதைக் கண்டு நிறுத்திட்டேன்."

மலை வாழைப் பாலம்

பூசணத்தை ஜெயித்தவுடன் எறும்பு வந்தது. கேக் தகரங்களை ஒரு மர ஸ்டாண்டில் ஏற்றி, அதன் நாலு காலையும் தண்ணீர் ஊற்றிய நாலு கிண்ணத்தில் நிறுத்தினேன். சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தேன். தண்ணீர் குறைகிறதா என்று நாளுக்கு இரண்டு தடவை பார்த்தேன். ஒரு மாதம் ஒரு எறும்பு ஏறவில்லை. வந்து போகிறவர்களிடமெல்லாம் அந்த ஸ்டாண்டைக் காட்டி விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் மத்தியானம் திறந்தால் தகரம் முழுக்கச் செவ்வெறும்பு. கிண்ணங்களில் தண்ணீர் நிறைய இருந்தது. எந்த வழியாக ஏறியது என்று ஸ்டாண்டைச் சுற்றி வந்தேன். அப்புறம்தான் பார்த்தேன். சிறுமலையிலிருந்து வாழைக்குலை கொண்டுவந்து விற்கும் அடைக்கன், வழக்கம்போல பன் தின்ன உட்கார்ந்தவர், ஒரு முழுக் குலையை ஸ்டாண்டின்மேல் சாய்த்து வைத்திருந்தார். குலையின் அடி தரையில், நுனி என் தகரத்தில். எறும்பு வரிசையாகக் குலைமேல் ஏறிப் போய்க்கொண்டிருந்தது. நான் அவரை முறைத்துப் பார்த்தபடி நின்றேன். அவர் பன்னை மென்று முடித்துவிட்டுச் சாவகாசமாகச் சொன்னார்:

"பழத்தை மிதிச்சுப் போயும் கேக்கைத்தான் திங்குது. வருத்தப்பட வேண்டியது நான்தான, நீங்க எதுக்கு முறைக்கிறீக?"

புகையிலை மணம்

சித்திரை வெயிலில் கடை முன்புறம் கொதித்தது. பின்னால் ஒரு இருட்டறை, நல்ல குளிர்ச்சி. தகரங்களை அங்கே மாற்றினேன். கேக் காயவில்லை, பூசணம் பூக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு புகையிலை மண்டி இருந்ததை நான் கணக்கில் எடுக்கவில்லை. எங்களுக்கு அந்த வாடை பழகிப்போயிருந்தது. வெண்ணெயும் முட்டையும் சேர்ந்த பண்டம் பக்கத்தில் இருக்கிற வாசனையை இழுத்துக்கொள்ளும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

சவரிமுத்துதான் ஒன்றை வாயில் போட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். நானும் கடித்துப் பார்த்தேன். சந்தேகமே இல்லை, சுருட்டு. அந்தக் கேக்குகளை மச்சான் கண்ணில் படாமல் அப்புறப்படுத்தினேன். ஆனால் முதல்நாளே ஒரு டஜன் போயிருந்தது. வாங்கியவர் ஆத்தூர்ப் பக்கம் தோட்டம் வைத்திருந்த, வாயில் எப்போதும் வெற்றிலை புகையிலை அடக்கியிருக்கும் பேச்சியம்மாள் என்ற அம்மாள். கத்தரிக்காய்க் கூடையை மார்க்கெட்டில் இறக்கிவிட்டு வீட்டுக்கு ஏதாவது வாங்கிப் போவார். மறுவாரம் அவர் தூரத்தில் வருவதைக் கண்டு, மன்னிப்புக் கேட்க வார்த்தைகளைத் தயார் செய்துகொண்டு நின்றேன். அவர் முந்திக்கொண்டு, போன வாரக் கேக்கே வேண்டும் என்றார். அது தீர்ந்துவிட்டது, இது அதைவிட நல்லது என்று புதியதை நீட்டினேன். முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இது பிள்ளைக திங்கிறது அப்பு. அதைத் தின்னா அன்னிக்குப் பூரா எனக்கு வெத்தலை ஞாபகமே வரலை."

ஏழாவது நாள்

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

சின்னாளப்பட்டியிலிருந்து ராமலிங்கம் என்ற நெசவாளர் வாரம் ஒருமுறை சேலை கொடுக்கத் திண்டுக்கல் வருவார். அவர் மனைவி சரோஜா டைபாய்டு வந்து பிழைத்திருந்தார். காய்ச்சல் விட்டு ஒரு மாதமாகியும் எதைக் கண்டாலும் குமட்டியது. கஞ்சிகூட இறங்கவில்லை. மெத்தென்று எது இறங்குகிறதோ அதைக் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் கப் கேக் ஒன்றை வாங்கிப் போய்க் கொடுத்ததில் அது தங்கிவிட்டது. அடுத்த நாளும் கேட்டிருக்கிறார். ராமலிங்கத்தால் தறியை விட்டுவிட்டுத் தினம் டவுனுக்கு வர முடியாது. ஒரு வாரத்துக்கு வாங்கிப் போனால் தாங்குமா என்று கேட்டார். அப்போது மே மாதம். எனக்கு அதுவரை நின்ற சாதனை அஞ்சு நாள். தாங்கும் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எனக்கே பயம் வந்தது.

சவரிமுத்துவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கேள்வி கேட்காமல் மாவில் தண்ணீரைக் குறைத்து, வழக்கத்தைவிடச் செத்த நேரம் கூடுதலாக வேகவிட்டு ஏழு கேக் எடுத்தார். நான் அவற்றை அரை நாள் ஆறவிட்டு, ஒவ்வொன்றையும் மெழுகுத் தாளில் தனித்தனியாகச் சுற்றி, சின்னத் தகரத்தில் அடுக்கினேன். காய்ந்துபோகாமலிருக்க மேலே ஒரு துண்டு ரொட்டி வைத்தேன். ரொட்டி தன் ஈரத்தைக் கேக்குக்குக் கொடுத்துவிட்டுத் தான் காயும். மூடியின் விளிம்பில் துணிப்பட்டை ஒட்டினேன். நாளுக்கு ஒருதடவைதான் திறக்க வேண்டும், வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும், மேலே வைத்த ரொட்டியில் பூசணம் கண்டால் எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் என்று மூன்று தடவை சொல்லி அனுப்பினேன்.

ஏழாவது நாள் அவர் வர வேண்டும். வரவில்லை. சாயங்காலம்வரை வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கேக் கெட்டிருக்கும். அதைத் தெரியாமல் அந்த அம்மாள் தின்றிருக்கலாம். ஏற்கெனவே புண்பட்ட வயிறு. மச்சான் என் முகத்தைப் பார்த்துவிட்டு, நீ ஏன் வாக்குக் கொடுத்தாய் என்று மட்டும் கேட்டார். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் சின்னாளப்பட்டிக்குப் போனேன். போகிற வழியெல்லாம், வீட்டு முன்னால் கூட்டம் நிற்கக் கூடாது என்று துஆ செய்துகொண்டே போனேன்.

கூட்டம் இல்லை. தறிச் சத்தம் கேட்டது. ராமலிங்கம் நெய்துகொண்டிருந்தார். சரோஜா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருந்தார். அவர் நாளுக்குப் பாதிக் கேக்தான் தின்றாராம். ஆகையால் இன்னும் மிச்சம் இருக்கிறது, பிறகு எதற்கு டவுனுக்கு வருவது என்று ராமலிங்கம் வரவில்லை. தகரம் எங்கே என்று கேட்டேன். அவர் குனிந்து, நெசவாளர் கால் வைத்து மிதிக்கும் தறிக்குழிக்குள்ளிருந்து அதை எடுத்துக் கொடுத்தார். குழி குளுகுளுவென்று இருந்தது. ஒரு கேக்கைப் பிரித்து, அழுத்தினேன். அமுங்கி, திரும்பி எழுந்தது. எட்டாவது நாள். என் கண் கலங்கிவிட்டதை மறைக்க அதில் பாதியை நானே தின்றேன். குழியில் வைக்கச் சொன்னது யார் என்று ராமலிங்கத்திடம் கேட்டேன். பதில் சரோஜாவிடமிருந்து வந்தது:

"வெயில்ல நூலு காஞ்சா அறுந்துரும்னுதான் குழி தோண்டி நெய்யிறோம். நூலு காயாத எடத்துல உங்க கேக்கு மட்டும் காஞ்சிருமா?"

சிறுமலைக் கல்யாணம்

அதற்குப் பிறகு எனக்குத் தைரியம் கூடிவிட்டது. சிறுமலையில் ஒரு தோட்டத்து மேஸ்திரி தன் மகள் கல்யாணத்துக்கு நூறு கப் கேக் கேட்டபோது, மலைக்குக் கேக் கொண்டுபோக முடியுமா என்று மச்சான் தயங்கினார். நான் ஒத்துக்கொண்டேன். இருந்தது ஒரே பஸ். தகரங்களைக் கூரைமேல் போடச் சொன்ன கண்டக்டரிடம் மன்றாடி, கடைசி சீட்டில் வைத்து, வளைவுக்கு வளைவு கட்டிப் பிடித்துக்கொண்டு போனேன். ஒன்றுகூட நசுங்கவில்லை. மூடியைக் கல்யாணத்தன்று பந்தி போடும்போதுதான் திறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன்.

மேஸ்திரி, பண்டம் புழுங்கிவிடக் கூடாதே என்ற அக்கறையில், நான் கிளம்பியதும் எல்லாவற்றையும் எடுத்துப் பாயில் பரப்பி வைத்திருக்கிறார். மலையில் விடிய விடியப் பனி. காலையில் கேக் ஈரம் குடித்து, காகிதம் உரிக்க வராமல் ஒட்டிக்கொண்டுவிட்டது. அப்படியே பரிமாறிவிட்டார்கள். அங்கே முக்கால்வாசிப் பேர் கப் கேக்கைப் பார்த்ததே அன்றுதான். அடுத்த வாரம் மேஸ்திரியின் அண்ணன் கடைக்கு வந்தார். என்ன சொல்லப்போகிறாரோ என்று நின்றேன். ரொம்பப் பிரமாதம் என்று கையைப் பிடித்துக்கொண்டு, ஒரே ஒரு குறையை மெதுவாகச் சொன்னார்:

"மேல் தோலு மட்டும் செத்த முத்தலா இருந்துச்சு பாய். அதைக் கொஞ்சம் எளசா பாத்துப் போடுங்க."

குளிர்பெட்டி

அறுபதுகளில் மச்சானுக்கு ஒரு ஆசை வந்தது. கொடைக்கானலில் பங்களாவைக் காலி செய்த ஒருவரிடமிருந்து பழைய குளிர்பெட்டி ஒன்றை வாங்கி லாரியில் இறக்கினார். இனிமேல் தகரம், ரொட்டித் துண்டு, தண்ணீர்க் கிண்ணம் எதுவும் வேண்டாம், எல்லாக் கேக்கும் பெட்டிக்குள் போகட்டும் என்றார். என் பத்து வருஷ வித்தையை ஒரு வெள்ளைப் பெட்டி விழுங்கிவிட்டது. எனக்கு வருத்தம்தான். ஆனாலும் வாதாடவில்லை. ஐம்பது கேக்கைப் பெட்டியிலும், ஐம்பதை என் தகரத்திலும் வைத்து மூன்று நாள் பார்க்கலாம் என்று மட்டும் கேட்டேன்.

மூன்றாம் நாள் மச்சானே இரண்டிலும் ஒவ்வொன்று எடுத்துத் தின்றார். தகரத்துக் கேக் மெத்தென்று இருந்தது. பெட்டிக் கேக்கில் பூசணம் இல்லை, எறும்பு இல்லை. ஆனால் ரஸ்க்குக்குத் தம்பி மாதிரி விறைத்து, கடித்தால் உதிர்ந்தது. மச்சான் இரண்டாவது வாய் வைக்காமல் அதைத் தட்டில் திருப்பி வைத்தார். பிறகு, கேக் விஷயத்தில் இனி நீ வைத்ததுதான் சட்டம் என்றார். பெட்டியில் சோடா பாட்டில் அடுக்கினோம். சவரிமுத்து அடுப்புக் கரியைத் தள்ளிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்:

"கொடைக்கானல்ல அஞ்சு வருசம் இருந்தேன் முதலாளி, குளிர்ல எந்த மனுசனும் மெத்துன்னு ஆனதில்லை."

கேக் கெடாமலிருக்க நிச்சயமான வழி ஒன்று உண்டு, அது அன்றைக்கே விற்றுத் தீர்ந்துவிடுவது. ஆனால் அப்படித் தீர்ந்த நாளிலெல்லாம், இவனுக்கு எதற்குச் சம்பளம் என்று என் அக்காவே கேட்டிருக்கிறாள்.