பெட்டி வந்துடுச்சு!

அவரை ஊரே 'பெட்டி' என்றுதான் கூப்பிடும். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் வாக்காளர் பட்டியலில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கிறது.

அந்தக் காலத்தில் பெரிய கொட்டகை, சின்ன கொட்டகை என்று இரண்டு தியேட்டர்கள் இருந்தன. முதலாளி ஒருவரே. மகா கஞ்சர். இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு படப் பிரதிதான் வாங்குவார். பெரிய கொட்டகையில் படம் முக்கால் மணி நேரம் முன்னதாக ஆரம்பிக்கும். அங்கே ஓடி முடிந்த சுருளைத் தகரப் பெட்டியில் போட்டுக் கொடுப்பார்கள். இவர் அதைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு சின்ன கொட்டகைக்குப் பறக்க வேண்டும். ஒன்பது நிமிடம்தான். தாமதமானால் திரை வெள்ளையாகிவிடும், விசில் காதைக் கிழிக்கும். பின்புற இரும்புப் படியில் ஏறி, ஆபரேட்டர் அறைக்குள் தலையை நீட்டி, "பெட்டி வந்துடுச்சு!" என்று கத்துவார். அப்புறம்தான் ஆபரேட்டருக்கு மூச்சே வரும்.

ஒரே ஒரு தடவை இரண்டு பெட்டிகளைச் சேர்த்து எடுத்துப்போய் வரிசை மாற்றிக் கொடுத்துவிட்டார். செத்துப்போன வில்லன் அடுத்த காட்சியில் ஹாயாகக் காப்பி குடித்தான். ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். முதலாளி கைதட்டவில்லை. அன்றிலிருந்து பெட்டியின் எண்ணை இரண்டு முறை வாய்விட்டுப் படிக்காமல் அவர் சைக்கிளை எடுத்ததில்லை.

கொடுமையைக் கேளுங்கள். இத்தனை படங்களைச் சுமந்தவர் ஒரு படத்தின் முடிவையும் பார்த்தது கிடையாது. கடைசிப் பெட்டியை இறக்கிய கையோடு, அடுத்த காட்சிக்கு முதல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்ப ஓட வேண்டும். சின்ன கொட்டகையில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்த அவர் மனைவிக்கு அந்தத் தொல்லை இல்லை. கவுண்டரை மூடிவிட்டுப் பின்வரிசையில் சாய்ந்து முழுப் படமும் பார்ப்பார். வீட்டில் சாப்பாடு போடும்போது முடிவைச் சொல்வார். எல்லாம் நல்ல முடிவு.

சவரக் கடையில்தான் குட்டு உடைந்தது. பக்கத்து நாற்காலிக்காரர் ஒரு கதாநாயகி கடைசியில் செத்துப்போனதைச் சொல்லி மூக்கைச் சிந்தினார். "அவ எங்கய்யா செத்தா? ரெண்டு குழந்தையோட நல்லாத்தானே இருக்கா!" என்று முகத்தில் பாதி நுரையோடு இவர் சண்டைக்குப் போனார். கடையே சிரித்தது. வீட்டுக்கு வந்து குதித்தவரிடம் மனைவி அசரவே இல்லை. "அன்னைக்கு நீங்க மழையில தொப்பலா நனைஞ்சு வந்திருந்தீங்க. சாப்பிடுற நேரத்துல ஒரு சாவு எதுக்குன்னு விட்டுட்டேன்" என்றார். அந்த மனுஷியை என்ன செய்வது?

இப்போது பெரிய கொட்டகை இருந்த இடத்தில் ஜவுளிக் கடை. அதன் பின்தெருவில்தான் இவர்கள் வீடு. சின்ன கொட்டகையை இடித்து மூன்று மாடியில் அரசு அலுவலகம் கட்டிவிட்டார்கள். அவர் அதற்காக உருகியதெல்லாம் இல்லை. "அந்த மூட்டைப்பூச்சிக்கு எவன் அழுவான்!" என்பார்.

போன மாதம் ஒரு காலையில் மகள் போன் செய்தாள். பதினைந்து வருடமாகத் தனியார் மருத்துவமனைகளில் தற்காலிக நர்ஸாக அல்லாடுகிறவள். அரசு வேலைக்குப் பரீட்சை எழுதித் தேறிவிட்டாள். அன்று சான்றிதழ் சரிபார்க்கும் நாள். அதுவும் அதே மூன்று மாடிக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில்.

"அப்பா, மோசம் போயிட்டேன். அவசரத்துல உங்க ஃபைலை எடுத்துட்டு வந்துட்டேன். கரெண்ட் பில்லுதான் இருக்கு. பதினோரு மணிக்குள்ள ஒரிஜினலைக் காட்டலைன்னா பேரை அடிச்சிடுவாங்களாம். அடுத்த வருஷம் எனக்கு வயசு தாண்டிடும்ப்பா."

மணி பத்து நாற்பது. மெயின் ரோட்டைப் பாலத்துக்காகத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஆட்டோ வருவதாவது! மேசையில் இருந்த நீல ஃபைலைத் திறந்தார். "நர்ஸிங் சான்றிதழ். மகள் போட்டோ" என்று இரண்டு முறை உரக்கப் படித்தார். "போட்டோவை அப்புறம் ரசிக்கலாம், கிளம்புங்க!" என்று மனைவி விரட்டினார்.

சைக்கிளில் ஏறியதும் அறுபத்தாறு வயதுக் கால்கள் பழைய வழியைத் தாமாகவே பிடித்தன. அச்சகச் சந்து அப்படியே இருந்தது. ஐஸ் பாக்டரி அடுக்குமாடிக் குடியிருப்பாகியிருந்தது. "யாரைப் பார்க்கணும்?" என்று காவலாளி கேட்டு முடிப்பதற்குள் அடுத்த கேட் வழியாக வெளியேறிவிட்டார். அதற்கப்புறம் மரக்கடை. முன்வாசலில் நுழைந்து பின்வாசலில் போவது அந்தக் கால வழக்கம். போய்ப் பார்த்தால் மரக்கடையைக் காணோம், சூப்பர் மார்க்கெட் நிற்கிறது. கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. திறந்தால் போக வேண்டியதுதானே? சோப்புத் தூள் அடுக்குகளுக்கு நடுவில் மணியடித்தபடி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடினார்.

"சார், சைக்கிள உள்ள கொண்டு வரக்கூடாது!"

"கொண்டு வரலம்மா, கொண்டு போறேன்!"

சரக்கு இறக்கும் பின்கதவு திறந்திருந்தது. புண்ணியவான்கள்.

மகள் அலுவலகத்தின் முன்வாசலில் தவித்துக்கொண்டு நின்றாள். இவரோ பழக்கதோஷத்தில் நேராகப் பின்புறம் போய்விட்டார். அங்கே தீ விபத்துக்கென்று ஓர் இரும்புப் படிக்கட்டு இருந்தது. எதையும் யோசிக்காமல் இரண்டு மாடி ஏறி, திறந்திருந்த கதவுக்குள் தலையை நீட்டினார். உள்ளே குமாஸ்தா அம்மா மகளின் எண்ணை மூன்றாவது தடவையாகக் கூப்பிட்டுவிட்டு, பேரை அடிக்கத் தயாராகப் பேனாவைப் பட்டியலில் வைத்துக்கொண்டிருந்தார்.

"பெட்டி வந்துடுச்சு!"

கூடமே திரும்பிப் பார்த்தது. குமாஸ்தா அம்மா கண்ணாடியைத் தாழ்த்தினார். "நீங்களா நர்ஸு?"

"பெட்டி நான்தாம்மா. நர்ஸ் கீழ நிக்கிறா." ஃபைலை மேசையில் வைத்தார். ஜன்னலுக்கு ஓடி, "ஏய், மேல வாடி!" என்று தெரு அதிரக் கத்தினார். கூடத்தில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். குமாஸ்தா அம்மாவும் சிரித்தபடி பேனாவைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார். சுவர்க் கடிகாரத்தில் மணி பத்து ஐம்பத்தெட்டு. மகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு படியேறி ஓடி வந்தாள்.

"நீங்க போய் ரெஸ்ட் எடுங்கப்பா, நான் பாத்துக்கிறேன்."

கால் தானாகப் படிக்கட்டுப் பக்கம் திரும்பியது. பிறகு நின்றது. எடுத்துப் போக அடுத்த பெட்டி எதுவும் இல்லை. கடைசி வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. போய் உட்கார்ந்தார். ஒவ்வொரு தாளாகப் புரட்டுவதையும், முத்திரை குத்துவதையும், மகள் கையெழுத்துப் போடுவதையும் பார்த்தார். "வாழ்த்துகள்மா, ஒன்னாம் தேதி சேர்ந்துக்கோங்க" என்று குமாஸ்தா அம்மா சொன்னபோது அவர் எழுந்து நின்று கைதட்டினார்.

மனைவி போன் செய்தார். "என்னங்க, என்னாச்சு கடைசியில?"

"நல்ல முடிவுதான். வேலை கெடச்சிடுச்சு."

அந்தப் பக்கம் சந்தேகமாக ஒரு குரல்: "நிஜமாவா? இல்ல, நான் சொல்ற மாதிரியா?"

"நிஜமாத்தான்டி. இந்தத் தடவை கடைசி வரைக்கும் உக்காந்து நானே பாத்தேன்."