பாவடிக்குப் போகாத ஐந்து வருஷம்

அப்போதெல்லாம் எனக்குச் சாவைவிடத் தறிக்குழிதான் பயம். காலை உள்ளே விட்டு உட்கார்ந்தால், திரும்ப இடுப்பு எழுமா என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். வலி தெரியாமலிருக்க மிளகளவு அபினியை விழுங்கித்தான் நெய்வேன். மிளகு மெல்ல மெல்லச் சுண்டைக்காய் ஆனது. நாளை அதுவும் போதாவிட்டால்?

வெண்ணந்தூரில் சுளுக்கு நீவுகிற ஒருவரிடம் போனேன். என்னைவிட இளையவர். முதுகை அழுத்திப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"எலும்பு நல்லாத்தானுங்க இருக்குது. உங்க பாவு நூலுக்குக் கஞ்சி போடறது யாருங்க?"

"ஊட்டுக்காரிங்க. வலி வந்து அஞ்சு வருஷமா அவதான்."

"அவங்களுக்கு இடுப்பு வலிக்குதுங்களா?"

இல்லையென்று தலையாட்டினேன். பாவடித் திடலில் நீட்டிக் கட்டிய நூலுக்குக் கஞ்சி தடவி, காலை முழுக்க நடந்து, குனிந்து, நிமிர்ந்தவள் அவள். இடுப்பைக் காப்பாற்றுவதாக நினைத்துக் குழியிலேயே கிடந்தவன் நான். வலிக்குமென்று அவள் தலையில் கட்டிய வேலைதான் எனக்கு மருந்தாம்.

மறுநாள் பாவோரம் பத்தடி நடப்பதற்குள் கண்ணீர் வந்துவிட்டது. பாவின் எதிர்ப்பக்கத்திலிருந்து அவள் சிரித்தாள்.

"பொண்ணு பாக்க வந்த மாப்ளையாட்டம் நிக்கறீங்க! வாங்க."

நீவலும் நடையுமாய் மாதங்கள் போயின. அபினி திரும்ப மிளகாகி, ஒருநாள் இல்லாமலே போனது. வலி போய்விட்டதென்று பொய் சொல்லமாட்டேன். இன்றும் விடியலில் எனக்கு முன்பே அது விழிக்கிறது, பயத்தையும் எழுப்பிக்கொண்டு. இருந்தும் பாவடிக்குப் போகிறேன். எதிரே ஆளில்லாமல் ஐந்து வருஷம் அவளை நடக்கவிட்டவன் நான்.