கல்லில் பதிக்க ஒரு முகம்

ரொட்டி சுடுகிற காஸிமிருக்குக் குடி இல்லை, சீட்டாட்டம் இல்லை. வீட்டுக்கூரைகளை உரசிக்கொண்டு தூண்கள் மேல் ஓடும் ரயிலைப் படம் பிடிப்பதுதான் அவருடைய ஒரே பைத்தியம். சிகாகோவில் இந்தப் பைத்தியங்களுக்குச் சங்கமே இருக்கிறது. அவர்களுக்கு ஒரு சட்டமும் உண்டு: பெட்டியின் மேல் வெயில் விழ வேண்டும், எண் தெரிய வேண்டும், மனிதத் தலை ஒன்றுகூட இருக்கக்கூடாது. தலை விழுந்தால் படம் கெட்டுப்போச்சு!

ஞாயிறு பூசை முடிந்ததும் மனைவி லாட்டி காப்பிக் குடுவையோடு கூடவே போவாள்.

"லாட்டி, கொஞ்சம் தள்ளிக்கோ!"

தள்ளிக்கொள்வாள். கல்யாணமான நாளிலிருந்து தள்ளிக்கொண்டேதான் இருந்தாள். இந்த ஈஸ்டருக்கு முன்னால் ஒரேயடியாகப் போய்ச் சேர்ந்தாள்.

எங்கள் போலந்துக்காரர்கள் கல்லறைக் கல்லில் பீங்கானில் சுட்ட முகப்படம் பதிப்பார்கள். முகம் இல்லாவிட்டால் நாதியற்ற கல் என்று ஊர் பேசும். கல்தச்சன் முட்டை வடிவில் குழியும் வெட்டிவிட்டான். மகள் டொலோரஸ் படம் கேட்டு வந்து நின்றாள்.

"கல்யாணப் படம் இருக்கேம்மா."

"அது யாரோ ஒரு சின்னப் பொண்ணுப்பா. எனக்கு எங்கம்மா மூஞ்சி வேணும்."

காஸிமிர் கூடத்து ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, ப்ரொஜெக்டரில் ஸ்லைடு ஸ்லைடாகச் சுவரில் விழச் செய்தார். பழுப்பு மரப்பெட்டி. பச்சைத் தகரப்பெட்டி. பனி மூடிய பெட்டி.

"அம்மா எங்கப்பா?"

"இந்தத் தூணுக்கு அந்தாண்ட நின்னா. குளிருதுன்னு காலை உதைச்சுக்கிட்டே."

"இதுல?"

"டிக்கெட் கூண்டுக்குப் பின்னால. நீ அவ வயித்துல இருந்த."

அட பாவி மனுஷா! அவள் நின்ற இடமெல்லாம் தெரிகிறது, அவளைத்தான் காணோம். டொலோரஸுக்கு அழுகையை விடக் கோபம்தான் முந்திக்கொண்டது. "ரயிலுக்கெல்லாம் மூஞ்சி இருக்கு, எங்கம்மாவுக்கு இல்ல!"

அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. மர ரயில்பெட்டிகளின் கடைசி ஓட்டத்தன்று லாட்டியின் தொப்பி காற்றில் பறக்க, அதைப் பிடிக்கப் படத்துக்குள்ளேயே ஓடிவந்துவிட்டாள். 'கெட்டுப்போச்சு' என்று அன்று நாள் முழுக்க அவளோடு பேசவில்லை. அந்த ஸ்லைடைச் சங்கத்து நண்பன் ரோமனிடம் தள்ளிவிட்டிருந்தார்.

இருவரும் ரோமன் வீட்டுக்கு ஓடினார்கள். ரோமன் தலையைச் சொறிந்தான். "டேய் காஸி, இருக்குடா. ஆனா மனுஷத் தலைன்னு அது தெரியாம அந்த ஓரத்த வெள்ளிப் பட்டை ஒட்டி மறைச்சிட்டேன். நீயா இருந்தாலும் அதத்தான செஞ்சிருப்ப?"

செய்திருப்பார். நகத்தால் பட்டையைப் பிரித்தார். ரோமனின் சுவரில் வெளிச்சம் விழுந்தது.

லாட்டி இருந்தாள். நீலக் கோட்டு, ஒரு கையில் காப்பிக் குடுவை. ஆனால் படத்தைக் கெடுக்கிறோமே என்று பதறி, ஓடும்போதே குனிந்திருந்தாள். தெரிந்தது முதுகும் கலைந்த முடியும்தான். முகம் தரையைப் பார்த்திருந்தது.

டொலோரஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். ரோமன் சுவரைப் பார்க்க மாட்டாமல் ஜன்னல் பக்கம் திரும்பினான்.

காஸிமிர் எழுந்து சுவர் அருகே போனார்.

"லாட்டி," என்றார், "கொஞ்சம் இந்தப் பக்கம் பாரேன்."