சிவப்பு சுவிட்சை மறைத்த ஸ்டிக்கர்

சின்ன வயதில் ஆடிய கார் ரேஸை அதே விண்டோஸ் 98-இல் ஆட ஆசைப்பட்டு, பழைய பாகங்களைச் சேர்த்து ஒரு கம்ப்யூட்டர் கட்டினேன். பவர் சப்ளையை நாகர்கோவிலில் ஒரு பழைய கம்ப்யூட்டர் கடையில் வாங்கினேன். "மக்கா, இது சவுதியில இருந்து வந்த சாதனம், கண்ண மூடிட்டு கொண்டு போ" என்றார் கடைக்காரர். நம்பினேன்.

வீட்டில் என் மனைவி ஷீபா குனிந்து பின்பக்கம் வயரைச் செருகினாள். நான் சுவிட்சைப் போட்டதும் டமார் என்று வெடித்தது. ஃபேன் ஓட்டை வழியாகப் பறந்த தீப்பொறி அவள் கன்னத்தைச் சுட்டது. மூக்குக்கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது.

பவர் சப்ளையின் பின்னால் கடைக்காரர் ஒட்டிய 'செக்டு ஓகே' ஸ்டிக்கரைக் கிழித்தேன். அடியில் ஒரு சிவப்பு சுவிட்ச், 115 வோல்ட்டில் நின்றது. சவுதியில் பல வீடுகளுக்கு அது சரி. நம் ஊர் மின்சாரம் 230.

மறுநாள் கடையில் போய்ச் சத்தம் போட்டேன்.

"ஸ்டிக்கர் ஒட்டுதது எங்க கடைக்க வழக்கம். நீயில்லா பாத்திருக்கணும்?"

ஒட்டி மறைத்துவிட்டு என்னைப் பார்க்கச் சொல்கிறார்!

இப்போது எந்தக் கடையிலும் பவர் சப்ளை வாங்கினால், கடைக்காரர் கண் முன்னாலேயே ஸ்டிக்கரைக் கிழித்துப் பார்க்கிறேன். "கிழிச்சா வாரண்டி கெடையாது" என்கிறார்கள். போகட்டும். ஷீபாவின் கன்னத்துக்கு எவன் வாரண்டி கொடுத்தான்?