பெருசுக்கு இருபத்திரண்டு வயது

இந்த ஊரில் இசைத்தட்டைத் தொடுவதற்கு முன் கை கழுவுகிறார்கள். சாப்பிடுவதற்கு முன் கழுவுவதில்லை. இங்கிலாந்துக்கு வந்து பதினெட்டு வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் தெருமுனையில் இருக்கும் பப்பின் மாடியறையில் பதினொரு பேர் கூடுகிறோம். பத்துப் பேர் அறுபதைத் தாண்டிய வெள்ளைக்காரர்கள், பதினொன்றாவது ஆள் நான். துணிப்பையிலிருந்து தட்டை உருவுவார்கள். ஓரத்தைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். ஊதுவார்கள், அதற்கென்றே வைத்திருக்கும் பிரஷ்ஷால் தடவுவார்கள். பெண் பார்க்கப் போன வீட்டில்கூட யாரும் இவ்வளவு நேரம் பார்ப்பதில்லை. பிறகு ஒரு பாட்டு நான்கு நிமிடம் ஓடும். அதைப் பற்றிய பேச்சு நாற்பது நிமிடம் ஓடும். எந்த ஊரில் அச்சான தட்டு, அன்றைக்கு அவர் கிதாரில் மாட்டியிருந்த கம்பி என்ன தடிமன், ஆம்ப்ளிஃபயரில் எந்த வால்வு. அந்தப் பாட்டைக் கேட்டு ராத்தூக்கம் போனது என்று இத்தனை வருடத்தில் ஒருவர்கூடச் சொன்னதில்லை.

அவர் என்று நான் சொல்வது ஒரு கிதார்காரரை. ப்ளூஸையும் ராக்கையும் கலந்து வாசித்தவர், உலகம் முழுக்க ரசிகர்கள் உள்ளவர். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் உங்களில் பாதிப் பேர் ‘நானும் அவருடைய ரசிகன்தான்’ என்று கிளம்பி வருவீர்கள். ரசிகர்கள் என்றாலே எனக்கு இளக்காரம். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன் என்பதால் அவர்களுடைய லட்சணம் எனக்கு நன்றாகத் தெரியும்.

கோயம்புத்தூர்ப் பக்கம் எங்கள் ஊர் பெரியநாயக்கன்பாளையத்தில் அவருக்கு இரண்டே ரசிகர்கள் இருந்தோம். நானும் சீனுவும். ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. சீனு வீட்டுக்குள் தெலுங்கு பேசுவான், வாசலைத் தாண்டினால் எங்கள் எல்லோரையும்விட அழுத்தமான கொங்குத்தமிழ் பேசுவான். அவனுடைய அப்பா லேத்துப் பட்டறை வைத்திருந்தார். பம்புசெட்டுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் பட்டறை. பிளஸ் டூ படிக்கும்போது யாரோ ஒருவருடைய வெளிநாட்டுக் காசெட் ஒரே ஒரு நாள் இரவலாக எங்கள் கைக்கு வந்தது. அதைப் பிரதி எடுக்க வேண்டும். என் வீட்டு டேப் ரிக்கார்டர் ஓடியது. சீனு வீட்டுடையது ஓடவில்லை. மோட்டார் முனையில் பெல்ட் ஓடும் சின்னச் சக்கரம், நாங்கள் புல்லி என்போம், அது உடைந்திருந்தது. சீனு லேத்தில் உட்கார்ந்து மதியத்துக்குள் பித்தளையில் ஒரு புல்லி கடைந்து மாட்டிவிட்டான். இரண்டு பெட்டிகளையும் எதிரெதிரே வைத்து, என்னுடையதைப் பாடவிட்டுச் சீனுவுடையதைப் பதியவிட்டோம். மூச்சுவிட்டால்கூடப் பதிந்துவிடும் என்று கதவைச் சாத்திவிட்டுத் தெருவில் போய் நின்றோம். ஆக, நிஜமான பாட்டை நாங்கள் இருவரும் அன்றைக்குக் கேட்கவே இல்லை. முதல் பாட்டின் நடுவில் பக்கத்து மில்லில் சங்கு ஊதியது. அதுவும் பதிந்தது.

சீனு கடைந்த புல்லி அரை மில்லி பெரிதாகிவிட்டது என்பதை இங்கிலாந்துக்கு வந்த பிறகு நான் கணக்குப் போட்டுத் தெரிந்துகொண்டேன். புல்லி பெரிதானால் பதியும்போது நாடா வேகமாக ஓடும். அப்படிப் பதிந்ததைச் சரியான பெட்டியில் போட்டால் பாட்டு மெதுவாக, அரை ஸ்வரம் இறங்கி வரும். பதிந்த பெட்டி அந்த வாரமே எரிந்துபோனது. காசெட்டை எங்கள் வீட்டுப் பெட்டியில் போட்டுக் கேட்டோம். இடிந்த வீட்டுக்குள் உட்கார்ந்து ஒரு கிழவர் பாடுவதைப் போல இருந்தது. கிதார் ஒவ்வொரு ஸ்வரத்திலும் தயங்கி, இழுத்து, அடுத்ததற்குப் போக மனமில்லாமல் போனது. நாடாவைச் சுற்றி மறுபடியும் போட்டோம். மேலட்டை இல்லாத காசெட், அதன் மேல் பெயர் மட்டும் இருந்தது, ஆளின் முகம் தெரியாது. எழுபது வயதாவது இருக்கும் என்று முடிவு செய்து பெருசு என்று பெயர் வைத்தோம். சீனு ஒரு பழைய கிதார் வாங்கி, காசெட்டோடு சேர்த்துக் கம்பிகளை இறக்கிக் கட்டி, மூன்று வருடத்தில் அந்த முதல் பாட்டு முழுவதையும் விரலுக்குக் கொண்டுவந்தான். மில் சங்கு வரும் இடத்தில் ஒரு கம்பியை வளைத்து இழுத்து அந்தச் சங்கையும் வாசிப்பான். அது மில்லுடைய சத்தம் என்று அவனுக்குத் தெரியும். அது இல்லாவிட்டால் பாட்டு நொண்டும் என்பான்.

நான் படித்தேன், கிளம்பினேன், இந்த ஊரில் வந்து விழுந்தேன். பப்பின் மாடியறைக்கு முதல்முறை போன அன்று அதே பாட்டைப் போட்டார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவன் மாதிரி ஒரு பையன் பாடினான். சங்கு வரும் இடத்துக்காகக் காத்திருந்தேன், வரவில்லை. குழுவின் செயலாளர் கிரகாம் என்பவர், ஓய்வுபெற்ற தபால்காரர், எப்படி இருக்கிறது என்று கேட்டார். “இட் ஈஸ் ஃபாஸ்ட்” என்றேன். அவர் முகம் மாறியது. என் முன்னால் இருந்த சாண்ட்விச் தட்டை மெதுவாகத் தள்ளி வைத்துவிட்டு, மன்னிக்க வேண்டும், இன்று உங்களுக்கு நோன்பு என்று தெரியாது என்றார். பசியோடு இருந்த நான் தட்டைத் திரும்ப இழுத்துக்கொண்டு, நோன்பு இல்லை, உங்கள் பிளேயர்தான் வேகமாகச் சுற்றுகிறது என்று விளக்கினேன். பத்துப் பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வேகத்தைச் சோதிக்கும் புள்ளித்தாள் ஒன்றை எடுத்து வந்து தட்டின் மேல் வைத்துச் சுற்றவிட்டு, குனிந்து பார்க்கச் சொன்னார்கள். புள்ளிகள் அசையாமல் நின்றன. வேகம் மிகச் சரி. மேலட்டையைக் காட்டினார்கள். அரும்பு மீசையோடு ஒருவன் நின்றான். பாடியபோது அவனுக்கு வயது இருபத்திரண்டு என்றார்கள்.

அன்றிலிருந்து அந்தக் குழுவில் எனக்கு நிரந்தரமாக ஒரு வேலை கிடைத்தது. புதிதாக யார் வந்தாலும் நான் காசெட் கதையைச் சொல்ல வேண்டும். நானும் சொல்கிறேன். லேத்து, பித்தளை, தெருவில் நின்றது, எழுபது வயதுக் கிழவர் என்று ஒவ்வொன்றுக்கும் எங்கே சிரிப்பு வரும் என்று எனக்கு இப்போது அத்துப்படி. சீனுவின் குரலைக்கூட ஆங்கிலத்தில் செய்து காட்டுவேன். பெருசைப் பற்றி வால்வையும் கம்பியையும் தவிர ஒன்றும் தெரியாத மனிதர்கள் அவர்கள். அவர்கள் சிரிப்பதற்காக என் சேக்காளியைக் கோமாளியாக்கினேன். சீனுவிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லவில்லை. ஃபோனில் சொல்கிற சமாசாரம் இல்லை என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லி வைத்திருந்தேன்.

போன ஜனவரியில் ஊருக்குப் போனபோது சீனுவே பேச்சை எடுத்தான். அப்பாவின் பட்டறை இப்போது அவனுடையது. “யூட்யூபுல பெருசு பாட்டக் கேட்டியாடா? எவனோ வேகமாக்கி ஏத்திப்போட்டிருக்கறான். கொரலு பொடிப்பையன் கொரலாட்டம் இருக்குது” என்றான். அப்போதே சொல்லியிருக்கலாம். ம் என்றேன். பிறகு வலது கையை நீட்டிக் காட்டினான். விரல் நுனிகள் வெளுத்திருந்தன. “லேத்து புடிச்சுப் புடிச்சு மரத்துப்போவுதுடா. இன்னும் எத்தன நாளைக்கு வெரலு சொன்ன பேச்சு கேக்கும்னு தெரியில. பாட்டுத் தெரிஞ்ச நாலு பேரு முன்னால ஒருக்கா வாசிச்சுப்போடோணும். இத்தன வருசமா நீயும் லேத்தும்தான கேட்டிருக்கறீங்க.”

பாட்டுத் தெரிந்த நாலு பேர் கோயம்புத்தூரில் அதற்குள் நாற்பது பேராகியிருந்தார்கள். ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு காபிக்கடையில் பெருசின் ரசிகர்கள் ஞாயிறு மாலை நான்கு மணிக்குக் கூடுகிறார்கள் என்று இணையத்தில் பார்த்து எழுதினேன். அதை நடத்தும் விஷால் என்கிற இளைஞன் உடனே பதில் போட்டான். சார் வருவது எங்களுக்குப் பெருமை என்றான். போனோம். பூச்சு இல்லாத செங்கல் சுவர். எங்கள் தெருவில் பூச்சு வேலை பாதியில் நின்றுபோன வீடு இப்படித்தான் இருக்கும், அங்கே யாரும் சுவரோடு நின்று படம் எடுத்துக்கொண்டதில்லை. எல்லோருடைய மார்பிலும் நரைத்த தலையோடு பெருசு அச்சாகியிருந்தார். ஒருத்தன் முன்கையில் அவருடைய கையெழுத்தைப் பச்சை குத்தியிருந்தான். அப்பா வாங்கிக் கொடுத்த பைக்கில் வந்து, பஞ்சம் பிழைக்கப் போனவர்களின் இசையைப் பற்றி ஆங்கிலத்தில் கண் கலங்கினார்கள். பப்பின் கிழவர்கள் இவர்களைவிட எவ்வளவோ மேல் என்று முதல்முறையாக நினைத்தேன். விஷால் என்னை முன்வரிசையில் உட்காரவைத்து, யூகேவிலிருந்து வந்திருக்கும் சீனியர் ஃபேன் என்று அறிமுகம் செய்தான். கை தட்டினார்கள். நான் எழுந்து நின்று கும்பிட்டேன். அது எனக்குப் பிடித்திருந்தது, மறைக்க என்ன இருக்கிறது.

சீனு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தான். பவானி ஜமக்காளத்தில் அவன் மனைவி தைத்துக் கொடுத்த உறையிலிருந்து கிதாரை எடுத்துக்கொண்டு மேடையில் உட்கார்ந்தான். அந்த உறையைப் பார்த்துப் பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். அங்கே யார் வேண்டுமானாலும் ஏறி வாசிக்கலாம். டிரம்ஸும் மற்றதும் மடிக்கணினியிலிருந்து வரும், அதற்கு மேல் கிதாரை மட்டும் வாசிக்க வேண்டும். விஷால் கணினியைத் தட்டினான். பாட்டு தன் நிஜமான வேகத்தில் கிளம்பியது. சீனு தனக்குத் தெரிந்த வேகத்தில், அரை ஸ்வரம் கீழே கிளம்பினான். கேட்கச் சகிக்கவில்லை. நான்கு வரியில் நிறுத்தினான்.

“ஏனுங்க, பாட்டு வெரசா ஓடுதுங்க. கொஞ்சம் மெதுவா உடுங்க” என்றான்.

கூட்டம் சிரித்தது. பதினெட்டு வருடத்துக்கு முன் நான் கேட்ட அதே சிரிப்பு. விஷால் பணிவாகத்தான் சொன்னான்: “ட்ராக் கரெக்டா இருக்குங்க அங்கிள். உங்க ட்யூனிங்தான் அரை ஸ்வரம் கீழ இருக்கு.” சீனு தலையை ஆட்டி மறுத்தான். “இல்லீங்க தம்பி. முப்பத்தஞ்சு வருசமாக் கேக்கறனுங்க. அவுரு வயசான மனுசன், இப்படி ஓட மாட்டாருங்க.” இப்போது சிரிப்பு இன்னும் பெரிதாக எழுந்தது. விஷால் என் பக்கம் திரும்பினான். “சார், நீங்க ஒரிஜினல் தட்டே கேட்டிருக்கீங்க. நீங்களே சொல்லிருங்க. அங்கிள் உங்க ஃப்ரெண்டுங்களா?”

நாற்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். சீனுவும் பார்த்தான். அவன் முகத்தில் பயமே இல்லை. உண்மை தெரிந்த ஆள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறான், இப்போது சொல்லிவிடுவான் என்கிற நிம்மதிதான் இருந்தது. எனக்கு எல்லாம் தெரியும். புல்லி தெரியும், அரை மில்லி தெரியும். பாட்டை அரை ஸ்வரம் இறக்கி மெதுவாக்குவது கணினியில் ஒரு நிமிட வேலை என்பதும் தெரியும், நான் கணினியில் பிழைக்கிறவன். எழுந்து போய் அதைச் செய்துவிட்டு, இவன் என் சேக்காளி, இவனுக்கு வரும் பாட்டு உங்களில் யாருக்கும் வராது, வாயை மூடிக்கொண்டு கேளுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும்.

“எங்க ஊர்க்காரர்” என்றேன். “பழைய காசெட்ல கேட்டுப் பழகினவர். ட்ராக் சரியாத்தான் இருக்கு.”

சீனு என்னிடமிருந்து கண்ணைத் திருப்பினான். “சரிங்க” என்று விஷாலிடம் சொல்லிவிட்டு வயரைப் பிடுங்கினான். துண்டால் கிதாரைத் துடைத்து உறையில் போட்டு, முடிச்சுப் போட்டுக்கொண்டு இறங்கினான். அடுத்து ஒரு பையன் ஏறி அதே பாட்டை வாசித்தான். ஒரு பிசிறு இல்லை. எனக்கு அதில் ஒன்றுமே கேட்கவில்லை. கை தட்டி முடிவதற்குள் வெளியே ஓடினேன்.

வாகைமர நிழலில், நடைபாதையில் சீனு நின்றிருந்தான். கிதார் தோளில் இருந்தது.

“இருடா, நானும் வாரேன். கார் சொல்லியிருக்கேன்” என்றேன்.

“வேண்டாமுங்க. நானு காந்திபுரம் போயி பஸ்ஸு புடிச்சுக்கறனுங்க. நீங்க இருந்து பேசிப்போட்டு வாங்க.”

எங்கள் ஊரில் ‘ங்க’ எல்லோருக்கும் உண்டு. காய்கறிக்காரருக்கு உண்டு, கண்டக்டருக்கு உண்டு, சண்டை போடும்போது எதிராளிக்கும் உண்டு. எனக்கும் சீனுவுக்கும் நடுவில் மட்டும் அது ஒருநாளும் இருந்ததில்லை. ஒண்ணாம் வகுப்பிலிருந்து டாதான். என் கல்யாண மேடையில், ஐயர் முன்னால்கூட அவன் என்னை டா என்றுதான் கூப்பிட்டான்.

“என்றா, எனக்குப் போயி ங்க போடற?”

“ஊர்க்காரருன்னு சொன்னீங்கல்லங்க” என்றான். கோபம் இல்லை, குத்தல் இல்லை. பட்டறைக்கு வரும் புது ஆளிடம் பேசுகிற குரல். “ஊர்க்காரங்ககிட்ட மரியாதையாத்தானுங்க பேசோணும்.”

கிதாரைத் தோளில் சரிசெய்துகொண்டு நடந்தான். காசெட் மெதுவாகத்தான் ஓடியதுடா, தப்பு புல்லியுடையது என்று கத்திச் சொல்ல வாயைத் திறந்தேன். அதைச் சொன்னால் அவன் திரும்பி, அப்படீங்களா என்று கேட்பான். இங்கிலாந்தில் என்னை டா போட்டுக் கூப்பிட ஒருவர்கூடக் கிடையாது. அதற்காகத்தான் வருடம் தவறாமல் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தேன் என்று அந்த நடைபாதையில்தான் எனக்குத் தெரிந்தது. சீனு திருப்பத்தில் மறைந்தான்.

காபிக்கடைக் கதவைத் திறந்து விஷால் எட்டிப் பார்த்தான். எல்லோரும் வெயிட் பண்றாங்க சார், ரெண்டு வார்த்தை பேசுங்க என்றான். போனேன்.