ஈர நெற்றி

எங்கள் முதியோர் இல்லத்தில் அப்போது இருபத்து மூன்று பேர் இருந்தோம். கொரோனா வந்த முதல் கோடை. வேலைக்காரர்கள் எல்லோரும் உள்ளேயே தங்கிவிட்டார்கள். தினமும் வெளியே போய் வந்தது ஆயாம்மா ஒருத்திதான். வீட்டில் கண் தெரியாத மாமியார் இருந்ததால் அவளுக்கு மட்டும் அனுமதி. பஸ் ஓடாததால் பனமரத்துப்பட்டிப் பக்கத்திலிருந்து சைக்கிள் மிதித்து வருவாள்.

என் அறையின் இன்னொரு கட்டிலில் பக்கவாதக்காரர் ஒருவர். அவருக்குச் சோறு ஊட்டுவதும் துடைத்துவிடுவதும் அவள்தான். நோய் வந்தால் அவள் கை வழியாகத்தான் வரும். முதலில் அவருக்கு, அடுத்து எனக்கு.

கேட்டில் வாட்ச்மேன் நெற்றிக்கு நேரே காய்ச்சல் துப்பாக்கியை நீட்டுவார். நூறைத் தாண்டினால் வெளியாள் பதினான்கு நாள் வரக்கூடாது. உள்ளே இருப்பவர் என்றால் பின்பக்கத் தனியறை. அந்த விதியை எழுதிக் கொடுத்ததே நான்தான்.

ஒரு நாள் ஜன்னலில் நின்று பார்த்தேன். கேட்டுக்கு இருபதடி முன்னால் தெருக்குழாயில் சைக்கிளை நிறுத்தி, முந்தானையை நனைத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். பிறகுதான் துப்பாக்கிக்கு முன் வந்து நின்றாள். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் இரண்டு தடவை ஒற்றினாள். காய்ச்சலை மறைக்கிறாள் என்று முடிவு கட்டினேன். அவள் சோறு ஊட்டும்போது கவனித்தேன். இருமல் இல்லை. அடக்கிக்கொள்கிறாளோ என்று அது வேறு சந்தேகம்.

மறுநாள் அரை மணி முன்னதாகவே போய்க் கேட்டில் வெயிலில் காத்து நின்றேன். அவள் குழாய்ப் பக்கம் திரும்பியதும் கூப்பிட்டேன்.

"ஏம்மா, அங்கே என்ன வேலை? நேரா இங்கே வா."

"மூஞ்சி கழுவிட்டு வாரனுங்க."

"கழுவாம வா."

வந்தாள். "இந்த வெயில்ல மிதிச்சுட்டு வந்தா நூறுக்கு மேலதானுங்க காட்டும். போன மாசம் அப்படித்தான் திருப்பி அனுப்பிட்டாங்க. அந்தப் பதினாலு நாளும் அந்தத் தாத்தனுக்கு யாருங்க ஊட்டுனது?"

யாரும் சரியாக ஊட்டவில்லை. நான் இரண்டு வேளை ஊட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். ஆனாலும், காய்ச்சல் இருப்பவளும் இதையேதானே சொல்வாள்.

"வெயில்ல நின்னா எல்லாருக்கும் ஏறிடுமா?" என்றேன்.

"உங்களுக்குப் புடிச்சுப் பாருங்க சாமி. என்னையப் புடிக்கத்தான் நீங்களும் வெயில்ல நிக்கறீங்களே."

வாட்ச்மேன் சிரித்துக்கொண்டே என் நெற்றிக்கு நீட்டினார். நூற்றொன்று. அவர் சிரிப்பு நின்றது.

"ஐயா, நீங்க எழுதுன ரூல்ஸுங்க. பின்னாடி ரூம் சாவி ஆபீஸ்ல இருக்குது."

அந்த அறைக்கு ஒரே ஜன்னல். அதுவும் சுவரைப் பார்த்து. என் கை தானாகத் தோள்துண்டுக்குப் போனது.

"நனைச்சுட்டு வரட்டுங்களா?" என்றாள் ஆயாம்மா.

வேண்டாம் என்றேன். வேப்பமரத்தடியில் ஆறடி தள்ளி இரண்டு நாற்காலி போடச் சொன்னேன். யாரும் முகம் கழுவக் கூடாது, கால் மணி கழித்துத்தான் பிடிக்க வேண்டும். உட்கார்ந்தோம். அவள் முந்தானையால் விசிறிக்கொண்டாள். விசிறவும் கூடாது என்றேன்.

அவளுக்குத் தொண்ணூற்றேழு. எனக்குத் தொண்ணூற்றெட்டு.

"தாத்தனுக்குப் பசிச்சிருக்கும்" என்று அவள் எழுந்தாள்.

"அவளுக்கு இன்னொரு தடவை பிடிங்க" என்றேன்.

"உங்களுதுதானுங்க ஒண்ணு சாஸ்தி" என்றார் வாட்ச்மேன்.

அவள் உள்ளே போய்விட்டாள். எங்கள் அறையிலிருந்து தட்டும் கரண்டியும் மோதும் சத்தம் கேட்டது. நான் இன்னொரு கால் மணி அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.