தள்ளிவிட ஒரு பாடகர் குழு

ஒழுகும்தான். ஆயில் ஒழுகாது என்று நாங்கள் யாரும் சொன்னதில்லை. கிரேஸ் அக்காவும் சொன்னதில்லை. அவருடைய வண்டிக்கு அடியில் எப்போதும் பழைய எக்ஸ்ரே படம் ஒன்று விரித்திருக்கும். யாருடைய விலா எலும்போ. அதன் மேல் சொட்டுச் சொட்டாக ஆயில்.

செய்தி வந்தபோது திருப்பதியில், பல்கலைக்கழக நூலகத்தின் படியில் நின்றிருந்தேன். வரதன் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"அக்கா போயிட்டாம்மா. தூக்கத்துலயே."

பிறகு அவரே கேட்டார். "வண்டி எங்க நிக்கறது?"

எங்களில் யார் போயிருந்தாலும் அக்காவும் அதைத்தான் கேட்டிருப்பார்.

அறியாதவர்களுக்கு: கிரேஸ் அக்கா சித்தூரில் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தவர். ஞாயிறுகளில் ஆலயப் பாடகர் குழுவை நடத்தினார். மற்ற நேரமெல்லாம், அவருடைய நைனா விட்டுப்போன ஓர் இங்கிலாந்து மோட்டார் சைக்கிளுக்கு வக்கீலாக இருந்தார். வண்டியின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் இந்தத் துக்கத்திலும் இரண்டு கட்சி சேர்ந்துவிடும்.

ஸ்கூட்டரிலிருந்து விழுந்து மணிக்கட்டு உடைந்தபோது அவரிடம் போனேன். அதுதான் அறிமுகம். கையைத் தட்டில் வைத்துவிட்டு, "மூச்ச இழு. புடிச்சிக்க. இப்ப விடு" என்றார்.

"கைக்கு எதுக்குக்கா மூச்சு?"

"கைக்கு இல்ல. பயத்துக்கு."

படத்தை வெளிச்சத்தில் பார்த்தார். "நல்ல எலும்பு. கட்டு அவுத்ததும் ஊட்டுக்கு வா, வண்டி காட்றேன்." படத்தை என்னிடமே கொடுத்தார்.

வண்டியை உதைக்கும்போதும் அதையேதான் சொன்னார். கிக்கரை மெல்ல அழுத்தி, "மூச்ச இழு." அது இறுகும் இடத்தில், "புடிச்சிக்க." பிறகு முழு எடையோடு, "இப்ப விடு." பாடகர் குழுவும் ஒவ்வொரு பாட்டையும் இதே சொற்களில்தான் தொடங்கும் என்பது பிறகு தெரிந்தது. மனிதர், பாட்டு, இயந்திரம். அவருக்கு வேறுபாடு இருந்ததாகத் தெரியவில்லை.

எங்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. அக்கா, நான், குடிபாலாவில் மோட்டார் காயில் கட்டும் ஜெயசீலன், திருப்பதியில் கோயில் கைங்கரியக் குடும்பத்து வரதன். நான்கு பேர், இரண்டு வண்டி. வரதனுடையது சாக்குப்பையில், பாகங்களாக இருந்தது.

அப்போதுதான் ஓர் ஆங்கில வாகனப் பத்திரிகையில் அந்தக் கட்டுரை வந்தது. எழுதியவர் சென்னை இளைஞர். எங்கோ யாரிடமோ இருந்த இதே ரக வண்டியை ஒரு நாள் ஓட்டிவிட்டு எழுதியிருந்தார். ஒழுகுகிறது. நடுங்குகிறது. பிரேக் பிடிப்பது அரசு அலுவலகத்தில் மனு கொடுப்பதைப் போன்றது, நடவடிக்கை எப்போது என்று தெரியாது. கடைசி வரி: சுவரில் மாட்ட நல்ல வண்டி.

ஜெயசீலன் கொதித்தார். "ஆபீசுக்கே போய்க் கேட்டுக்கினு வர்றேன்."

அக்கா அந்தப் பக்கத்தை எக்ஸ்ரே பார்க்கும் விளக்குப் பலகையில் செருகினார். தலையைச் சாய்த்து நிதானமாகப் படித்தார்.

"எலும்பு சரியாதான் கீது," என்றார். "சதைதான் இல்ல."

அவரே அந்த இளைஞரைத் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, நீங்க எழுதுனது ஒண்ணும் பொய் இல்ல. ஒரு ஞாயித்துக்கெழம வாங்க. பிரியாணி துன்னுட்டு, இந்த வண்டியும் பாத்துட்டுப் போங்க."

வந்தார். ஆராதனை முடியும்வரை கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். வண்டி வெளியே வேப்பமரத்தடியில், துடைத்து, பளபளவென்று. காவலுக்கு வரதன். நீண்ட பிரசங்கம். நடுவில் ஜெயசீலன் எழுந்து வெளியே போய்த் திரும்பி வந்தார். பிரியாணியைப் பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன்.

ஆராதனை முடிந்தது. எல்லோரும் மரத்தைச் சுற்றி நின்றோம். அக்கா புடவையை இழுத்துச் செருகினார். மூச்ச இழு. புடிச்சிக்க. இப்ப விடு.

ஒன்றுமில்லை.

மறுபடியும். ஒன்றுமில்லை. பத்திரிகைத் தம்பி மிகுந்த மரியாதையோடு வேறு பக்கம் பார்த்தார். அக்கா குனிந்து கார்பரேட்டர் திருகாணியைப் பார்த்தார். நிமிர்ந்தார்.

"இத்த யாரு தொட்டது?"

வரதன்தான் முதலில் வாய் திறந்தார். "நல்லா ஓடணும்னு பெருமாள வேண்டிண்டு அரைச் சுத்து திருப்பினேன்க்கா. அவ்வளவுதான்."

ஜெயசீலன் தலையைச் சொறிந்தார். "நானும் ஜெபம் பண்ணிக்கினு அர சுத்துதான்க்கா."

"ரெண்டு சாமியும் ஒரே பக்கம் திருப்புனா வண்டி எங்கடா ஸ்டார்ட் ஆவும்?"

சொல்லிவிட்டு ஆலயப் படியில் உட்கார்ந்து சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். திருகாணியைச் சரி செய்திருக்கலாம். ஒரு நிமிட வேலை. செய்யவில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்து, "தள்ளுங்க" என்றார்.

வெள்ளைப் புடவைகளோடு பாடகர் குழு தள்ளியது. வரதன் தள்ளினார். பத்திரிகைத் தம்பியும், குறிப்பேட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு. வாசலருகே அது இருமி, உறுமி, உயிர் பெற்றது. இப்போது நிறுத்த முடியாது. "தம்பி, ஏறு" என்று கத்தியபடி அக்கா மெல்லச் சுற்றி வந்தார். தம்பி ஓடிப்போய்த் தாவி உட்கார்ந்தார். இருவரும் வேலூர்ச் சாலையில் மறைந்தார்கள்.

பிரியாணி ஆறிய பிறகுதான் வந்தார்கள். தம்பியின் கால்சட்டையில் ஆயில். அக்காவின் முகத்தில் வெற்றி.

பத்திரிகைத் தம்பி இரண்டாவது கட்டுரை எழுதினார். முதலாவதில் எதையும் திரும்பப் பெறவில்லை. ஒழுகுகிறது, நடுங்குகிறது, பிரேக் இல்லை. கடைசி வரி மட்டும் மாறியிருந்தது: தள்ளிவிட ஒரு பாடகர் குழு இருந்தால் தாராளமாக வாங்கலாம்.

அக்கா அதையும் விளக்குப் பலகையில் செருகிப் பார்த்தார். "இப்ப சதை வந்துடுச்சி" என்றார்.

ஆனால் இணையத்தில் தேடினால் இன்றும் முதல் கட்டுரைதான் முதலில் வருகிறது. அக்காவின் தம்பி டேனியல் அண்ணன் அதைத்தான் படித்திருந்தார். பெங்களூரில் இருப்பவர், நல்லவர், அவசரக்காரர். அடக்க ஆராதனை முடிந்த மறுநாள், வீட்டு ஜெபத்துக்குப் பிறகு சொன்னார். புறவழிச்சாலையில் புதிதாக வந்திருக்கும் உணவகம் வண்டியைக் கேட்கிறதாம். இன்ஜினைக் கழற்றிவிட்டுச் சுவரில் மாட்டுவார்களாம்.

"ஓடாத வண்டி தானேம்மா. அதுல எதுக்கு சண்ட?"

"ஓடும்ணா."

"ஓட்டிக் காட்டுங்க. அப்ப நீங்களே வச்சிக்குங்க. நான் இன்னா பண்ணப்போறேன்?"

ஜெயசீலனைப் பார்த்தேன். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "நான் தொடல. தொட்டா இன்னா ஆவும்னு தெரியும்." வரதன் இரண்டடி தள்ளியே நின்றார்.

ஆகவே நான்.

வண்டிக்கு அடியிலிருந்த எக்ஸ்ரே படத்தை எடுத்தேன். அதில் ஆயில் புதிதாக, ஈரமாக இருந்தது. ஒழுகுவதற்கு உள்ளே இன்னும் மிச்சம் இருக்கிறது என்று தைரியம் வந்தது. உதைத்தேன். ஒன்றுமில்லை. மறுபடியும். காலில் வலி. டேனியல் அண்ணன் தொண்டையைச் செருமினார்.

ஜெபத்துக்கு வந்த பாடகர் குழு யாரும் கூப்பிடாமலே பின்னால் வந்து நின்றது. அதே வெள்ளைப் புடவைகள். வண்டி நகர்ந்தது. தெரு, பள்ளம், பால்காரரின் சைக்கிள். முதுகுக்குப் பின்னால் குழுவின் ஆல்ட்டோ, சோப்ரானோ குரல்கள் எல்லாம் ஒன்றாக, "மூச்ச இழு."

இழுத்தேன்.

"புடிச்சிக்க."

கிளட்சைப் பிடித்திருந்தேன்.

"இப்ப விடு."

விட்டேன். ஓர் இருமல். ஓர் உறுமல். கண்ணாடியில் பார்த்தேன். எல்லோருக்கும் முன்னால் தள்ளிக்கொண்டு வந்தவர் டேனியல் அண்ணன். சட்டை முழுக்கப் புகை. சிரித்துக்கொண்டிருந்தார். அக்காவின் அதே சிரிப்பு.

போய் வாருங்கள், அக்கா. எலும்பு, சதை, எல்லாம் சரியாக இருக்கிறது. பிரேக் மட்டும் இன்றும் மனுவாகவே இருக்கிறது.

நிறுத்தினால் மறுபடி எழுப்ப ஆள் இருக்காது என்பதால் எங்கும் நிறுத்தவில்லை. பாகாலா வழியாகத் திருப்பதி வந்தேன். விடுதியின் பின்புறம் நிழல் பார்த்து நிறுத்தினேன். அறைக்குப் போய் என் மணிக்கட்டுப் படத்தை எடுத்து வந்து வண்டிக்கு அடியில் விரித்தேன். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வகுப்புக்குப் போனேன்.